வேனில் உடைந்த கழுத்து: 1964 எஸ்.ஜி. கிட்டார் குறித்த கேள்விக்கு ஒரு பதில்

1964 ஆம் ஆண்டின் கிப்சன் எஸ்.ஜி. ஸ்டாண்டர்டு மின்கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், அதன் தலைப்பகுதி நட்டுக்கு, அதாவது கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைக்குப் பின்னால் உடைந்து ஒட்டப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அறுபதுகளில் ஓர் இசைக்குழுவின் வேன் பனியில் சறுக்கிக் கவிழ்ந்தபோது அது நேர்ந்தது என்றும், உடைந்து ஒட்டிய பிறகு கிட்டாரின் நாதம் கூடிவிட்டது என்றும் விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த ஒட்டு நிற்குமா, விற்பவர் சொல்லும் கதையை எந்த அளவுக்கு நம்பலாம், உடைந்ததால் ஒலி மாறியிருக்குமா. தந்திக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில்; இதே இடத்தில் உடைந்த கிட்டார்கள் பல ஆண்டுகளாக என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆயினும் நீங்கள் இணைத்திருக்கும் இரண்டு புகைப்படங்களைக் கொண்டு ஒட்டின் உறுதியைத் தீர்மானிக்க இயலாது. எதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், பார்ப்பது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் இங்கே விளக்க முடியும்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கிப்சன் கிட்டார் அந்த இடத்தில் உடைவது விபத்தின் விளைவு மட்டுமன்று. அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. அக்காலத்து எஸ்.ஜி.யின் கழுத்து ஒரே மஹாகனித் துண்டில் அறுத்தது. தலைப்பகுதி கழுத்தின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மரத்தின் நார்களோ கழுத்தின் நீளத்துக்கு இணையாக ஓடுகின்றன. சாய்வு தொடங்கும் இடத்தில் அந்த நார்கள் தலைப்பகுதிக்குள் தொடராமல் பின்புறமாக வெட்டுப்பட்டு முடிந்துவிடுகின்றன. கழுத்து மிகவும் மெலிந்திருக்கும் இடமும் அதுதான். அதோடு, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடின் திருகை எட்டுவதற்காக நட்டை ஒட்டி முன்புறத்தில் ஒரு குழியும் தோண்டப்பட்டிருக்கிறது. குட்டை நார், மெலிவு, குழி ஆகிய மூன்றும் இரண்டு விரல் அகலத்துக்குள் கூடிவிடுகின்றன. ஃபெண்டர் நிறுவனம் 1950 இல் கொண்டுவந்த கிட்டாரின் கழுத்து இதற்கு நேர்மாறானது. அது மேப்பிள் பலகையில் அறுத்தது. தலைப்பகுதிக்குச் சாய்வு கிடையாது. நான்கு திருகுகளால் உடலோடு பிணைத்தது. நார்கள் தலைப்பகுதியின் முனைவரை தடையின்றி ஓடுவதால், அதே உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். கிப்சன் நிறுவனமே இந்தக் குறையை அறிந்திருந்தது என்பதற்குப் பிற்காலத்து மாற்றங்கள் சான்று. அறுபதுகளின் நடுப்பகுதியில் சாய்வை 14 பாகையாகக் குறைத்தார்கள். 1970 ஐ ஒட்டி அந்த இடத்தின் பின்புறத்தில் ஒரு புடைப்பைச் சேர்த்தார்கள். எழுபதுகளில் மூன்று துண்டுகளை ஒட்டிய கழுத்துகளும் வந்தன.

ஆகவே உடைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து வேன் கதை உண்மை என்று கொள்ள முடியாது. மேடையில் நிறுத்தியிலிருந்து சரிந்தாலும், வீட்டில் நாற்காலியில் சாய்த்து வைத்தது நழுவினாலும் இதே இடத்தில்தான் உடையும். எனினும், கிட்டார்ப் பெட்டிக்குள் உடைந்ததா வெளியில் உடைந்ததா என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. வெளியில் விழும் கிட்டாரின் தலைப்பகுதி முனை பெரும்பாலும் தரையில் மோதும். அந்த முனையில் நசுங்கலோ, மரம் பிதுங்கிய வடுவோ, தந்தியை முறுக்கும் பின்பக்க டியூனிங் கீ ஒன்றின் உறையில் பள்ளமோ இருக்கும். தலைப்பகுதி முன்னோக்கித் தள்ளப்படுவதால் விரிசல் கழுத்தின் பின்புறத்தில் வாய் திறக்கும். முகப்பில் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனியர் கிழியாமல் கீல் போல் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும்போது நடப்பது வேறு. வண்டி திடீரென நிற்கும்போதோ பெட்டி சரியும்போதோ உடலும் கழுத்தும் பெட்டியின் திண்டில் தாங்கப்பட்டு நின்றுவிடுகின்றன. ஆறு டியூனிங் கீகளின் எடையோடு தலைப்பகுதி மட்டும் எதிலும் தாங்கலின்றி அந்தரத்தில் நிற்பதால் அது தொடர்ந்து நகர முயல்கிறது. முனையில் ஒரு கீறல்கூட இல்லாமல் கழுத்து உடைந்திருக்கும். உங்கள் கிட்டாரின் தலைப்பகுதி முனை பழைய வண்ணத்தோடு சிதையாமல் இருந்தால், பெட்டிக்குள் உடைந்தது என்ற கூற்றுக்கு வலு சேரும். ஆனால் பெட்டி வேனில்தான் இருந்தது என்பதை அது நிறுவாது. மாடிப்படியில் உருண்ட பெட்டியும் இதே வேலையைச் செய்யும்.

வண்டி விபத்து என்றாலே கிட்டார் சிதைந்திருக்கும் என்பதும் சரியன்று. 1960 ஏப்ரலில் இங்கிலாந்தின் சிப்பனம் அருகே தாம் சென்ற டாக்ஸி விபத்துக்குள்ளானதில் ராக் பாடகர் எடி காக்ரன் உயிரிழந்தார். அவரோடு பயணம் செய்த கிரெட்ச் 6120 கிட்டார் பிழைத்தது. எந்தப் பொருள் எங்கே அடைபட்டிருந்தது, விசை எத்திசையில் வந்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. வேனின் கதையையும் கிட்டாரின் உடைவையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மேற்பூச்சு முழுவதும் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருப்பதைப் புகைப்படத்தில் காண முடிகிறது. குளிரில் நின்ற வேன்தான் காரணம் என்கிறார் விற்பவர். இது நடக்கக்கூடியதே. அந்தக் கிட்டார்களில் பூசப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். டூபாண்ட் நிறுவனம் 1923 இல் டூகோ என்ற பெயரில் கார்களுக்காகக் கொண்டுவந்தது இவ்வகைப் பூச்சைத்தான். கார்த் தொழிலும் கிட்டார்த் தொழிலும் அக்காலத்தில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். ஃபெண்டரின் ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூ காடிலாக்கின் நிறம். இரண்டும் டூபாண்டின் கார் வண்ணப் பட்டியலிலிருந்து வந்தவை. கிப்சன் 1963 இல் வெளியிட்ட ஃபயர்பேர்டு கிட்டாரின் உருவத்தை வரைந்தவரே ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளர். இந்த லாக்கர் வயதாக ஆக நெகிழ்ச்சியை இழந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. கடுங்குளிரில் கிடந்த கிட்டாரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால், பூச்சும் மரமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் நொடிப்பொழுதில் அது வெடிக்கிறது. காதை அருகில் வைத்தால் அந்தச் சத்தம்கூடக் கேட்கும்.

அக்காலத்துச் சுற்றுப்பயண வண்டிகளின் நிலை உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. 1959 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ராக் பாடகர் பட்டி ஹாலியும் மற்றவர்களும் சென்ற பயணத்தில் பேருந்துகளின் வெப்பமூட்டி பழுதாகி, டிரம்ஸ் வாசித்த கார்ல் பஞ்ச் பாதங்களில் பனிக்கடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்தப் பேருந்துப் பயணத்தின் கொடுமையைத் தவிர்ப்பதற்காகத்தான் ஹாலி கிளியர் லேக் நிகழ்ச்சிக்குப் பிறகு சிறு விமானம் ஒன்றை அமர்த்தினார். பிப்ரவரி 3 அன்று அது விழுந்து நொறுங்கியது. மனிதர்களுக்கே அந்த நிலை என்றால் பின்னால் அடுக்கிய கிட்டார்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், குளிர்காலத்தில் பார்சலில் வந்து அவசரமாகத் திறக்கப்பட்ட கிட்டாரிலும் இதே வெடிப்புகள்தான் இருக்கும். அவை எந்த ஆண்டில், எந்த வண்டியில் வந்தன என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வெடிப்புகளால் வேறொரு பயன் உண்டு. கழுத்தின் பின்புறத்தில், ஒட்டு இருக்கும் இடத்தில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அவற்றைத் தொடர்ந்து பாருங்கள். உடலிலும் கழுத்திலும் நுண்ணிய கோடுகள் ஓடிக்கொண்டிருக்க, ஒட்டைச் சுற்றிய சில அங்குலங்கள் மட்டும் வழவழப்பாக இருந்தால், அங்கே பிற்காலத்தில் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். ஒட்டை மறைப்பதற்காகவே அடித்தார்களா, இழந்த மரத்தை மாற்றிவிட்டு அடித்தார்களா என்பது அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் இது இன்னும் தெளிவாகும். பழைய நைட்ரோ பூச்சு மங்கலான பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதிய பூச்சு கருத்தோ வேறு நிறத்திலோ தெரியும். எல்லைக்கோடு தனியே துலங்கும். பூச்சு தொடப்படாமல், ஒட்டின் கோடு மயிரிழை போல் வெளிப்படையாகத் தெரிகிற கிட்டாரை நான் அதிகம் நம்புவேன். மறைக்காத ஒட்டில் பார்க்க வேண்டிய அனைத்தும் கண்முன் இருக்கும்.

ஒட்டு நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். விரிசல் நீளமாகச் சரிந்து ஓடியிருந்து, நார்கள் நசுங்காமல் ஒன்றோடொன்று பொருந்தி, உடைந்த சில நாட்களுக்குள் நல்ல வச்சிரப் பசையாலோ மரப்பசையாலோ கவ்வி போட்டு ஒட்டப்பட்டிருந்தால், அந்த இணைப்பு மரத்தைக் காட்டிலும் வலுவாகவே இருக்கும். மீண்டும் விழுந்தால் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் உடையும். விரிசல் குறுக்கே குட்டையாக ஓடியிருந்தால் பசை மட்டும் போதாது. கழுத்தின் பின்புறத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டி நீளவாட்டு நாருள்ள மரக்கீற்றுகளைப் பதித்திருக்க வேண்டும், அல்லது பின்புறம் முழுவதும் மெல்லிய மரத்தகடு ஒன்றை ஒட்டியிருக்க வேண்டும். உலோகத் திருகோ, குறுக்கே செருகிய மரஆணியோ தென்பட்டால் எச்சரிக்கையாக இருங்கள். அவை பசைப் பரப்பைக் குறைத்து மரத்தை மேலும் பிளக்கின்றன. எல்லாவற்றிலும் தொல்லையானது, முன்பு ஒருமுறை தவறான பசையால் ஒட்டி, அது விட்டுப்போய், மறுபடி ஒட்டியது. பழைய எபாக்ஸியோ சூப்பர் க்ளூவோ நார்களுக்குள் ஊறிவிட்டால் வேறெந்தப் பசையும் மரத்தைத் தொட முடியாது.

கையில் கிட்டார் கிடைத்ததும் ஒட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பூச்சில் மட்டும் கோடு இருந்தால் நகம் வழுக்கிச் செல்லும். படி போல் தட்டினால் இரு பக்கமும் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது ஒட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. 10 முதல் 46 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தடிமனுள்ள சாதாரணத் தந்திகளைச் சுருதி கூட்டினால் கழுத்தின் மேல் 40 கிலோவுக்கு மேல் இழுப்பு விழுகிறது. அந்த நிலையில் ஓர் இரவு முழுவதும் வைத்துவிட்டு மறுநாள் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆறு தந்திகளும் ஒருசேரக் கீழிறங்கியிருந்து, கோடும் முன்தினத்தைவிடத் தெளிவாகத் தெரிந்தால் ஒட்டு ஊர்கிறது என்று பொருள். தலைப்பகுதியைக் கையால் வளைத்துச் சோதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். நல்ல ஒட்டையும் அது கெடுத்துவிடும்.

இனி நாதம் கூடியது என்ற கூற்று. உறுதியாக ஒட்டப்பட்ட கழுத்து ஒலியைக் கெடுப்பதில்லை என்பது என் அனுபவம். தேர்ந்த வாசிப்பாளர்கள் பலர், கண்ணால் பார்க்காமல் வாசித்தபோது ஒட்டிய கிட்டாரைப் பிரித்துச் சொன்னதில்லை. கூட்டுகிறது என்று சொல்வதற்கும் எனக்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. பழைய கிட்டார்களில் விபத்தால் ஒலி மாறியதென்றால், அது பெரும்பாலும் மரத்தில் நேர்ந்ததன்று, மின்பகுதியில் நேர்ந்தது. 1961 இல் வெளிவந்த, பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பதிவு ஒன்றில் ஒலிக்கலவை மேசையின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸின் ஒலி கரகரத்தது. பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கோளாற்றை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகவே 1962 இல் கிட்டார் ஒலியைக் கரகரக்கச் செய்யும் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற மிதிபெட்டி வந்தது. கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் ஒன்றின் காந்தம் திசைமாறி இருந்ததால், இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது மூக்கால் பாடுவது போன்ற தனி ஒலி எழுந்தது. உங்கள் எஸ்.ஜி.யின் ஒலி உண்மையிலேயே வித்தியாசமாக இருந்தால், கழுத்தை விட்டுவிட்டுப் பிக்கப்புகளைத் திறந்து பாருங்கள். ஒன்றின் கம்பிச்சுருள் மறுசுற்றுப் போடப்பட்டிருக்கலாம், அல்லது மாற்றப்பட்டே இருக்கலாம். அப்படியானால் கிட்டாரின் மதிப்பைக் கழுத்து உடைந்ததற்கு இணையாகவே அதுவும் பாதிக்கும்.

விபத்துக் கதைகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு 1951 மார்ச்சில் மெம்ஃபிஸில் பதிவான ராக்கெட் 88 பாடலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து காரில் வந்து, ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றைப் புகழ்ந்து அந்தப் பாடலைப் பதிவுசெய்தது. வழியில் கிட்டார் வாசிப்பாளர் வில்லி கைஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சேதமடைந்ததும், ஒலிபெருக்கியின் கிழிந்த கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசித்ததும், அந்தக் கரகரப்பு பாடலில் கேட்பதும் ஐயமற்றவை. ஆனால் ஆம்ப் எப்படிச் சேதமடைந்தது என்பதில் அங்கே இருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. காரின் கூரையிலிருந்து விழுந்தது என்பது ஒரு கூற்று. மழை நனைத்துவிட்டது என்பது இன்னொன்று. வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சிக்கே இந்த நிலை என்றால், கைமாறிக் கைமாறி வந்த ஒரு கிட்டாரின் வேன் கதையில் விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொல்கிறார். அந்தக் கதைக்காகத் தனியே விலை கேட்டால் மட்டும் ஆதாரம் கேளுங்கள். அக்காலப் புகைப்படத்தில் மரத்தின் வரியும் வடுக்களும் இந்தக் கிட்டாரோடு ஒத்திருக்க வேண்டும், அல்லது பழுதுபார்த்தவரின் ரசீதாவது இருக்க வேண்டும்.

கதையை விட்டாலும் ஆண்டைச் சரிபார்க்காமல் விடக்கூடாது. அறுபதுகளின் கிப்சன் வரிசை எண்கள் ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்ப வந்தவை. எண்ணை மட்டும் நம்பி 1964 என்று சொல்ல முடியாது. நட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 1964 என்றால் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் இருக்கும். 1965 இல் அது 40 ஆகக் குறுகிவிட்டது. வரிசை எண்ணுக்குக் கீழே அமெரிக்கத் தயாரிப்பு என்ற ஆங்கில முத்திரை குழிவாகப் பதிந்திருந்தால், அது 1970 இல் வழக்கத்துக்கு வந்த முத்திரை. பின்புற மூடியைத் திறந்தால் வால்யூம், டோன் கட்டுப்பாடுகளின் உறையில் எண் பொறித்திருக்கும். 1376412 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 64 ஆண்டு, 12 அந்த ஆண்டின் வாரம். 134 என்று தொடங்கினால் சென்ட்ரலாப் நிறுவனம். கிட்டார் அந்தத் தேதிக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே இது சொல்லும். பாகங்கள் வாங்கி நெடுநாள் கிடப்பில் இருந்ததும் உண்டு. ஃபெண்டர் 1966 இல் வாங்கிய கட்டுப்பாடுகள் சில ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் கிட்டார்களில் வந்தன. ஈயப் பற்றுகள் பழையனவாக, மங்கி, கை படாதனவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பளபளக்கும் ஈயம் யாரோ கை வைத்ததைக் காட்டும்.

மதிப்பைப் பொறுத்தவரை, தலைப்பகுதி உடைந்து ஒட்டப்பட்ட கிட்டார், உடையாத அதே கிட்டாரின் விலையில் பாதி அளவுக்குத்தான் போகும் என்பது பழைய கிட்டார் வணிகத்தில் பொதுவான கணக்கு. முழுதாக மறுபூச்சு அடித்திருந்தாலும் அதே அளவு குறையும். ஆகவே வாங்கியபின் வெடிப்புகளை நீக்கிப் புதிதாக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஏற்கெனவே பாதியானதை மறுபடியும் பாதியாக்குவீர்கள். கிட்டார் கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனின் 1954 லெஸ் பால், 1980 இல் வெனிசுவேலாவின் கராகஸில் சரக்கு விமானம் விழுந்தபோது எரிந்துபோனதாகவே நம்பப்பட்டது. 2011 இல் அது அவர் கைக்குத் திரும்பியபோது, வாசிக்கத் தேவையான பழுதுகளை மட்டும் பார்த்துத் தீக்காயங்களை அப்படியே விட்டார்கள். உங்கள் கிட்டாருக்கும் அந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். விற்று லாபம் பார்ப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இது ஏற்ற கிட்டார் அன்று. வாசிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், ஒட்டு நல்லதாக இருக்கும் பட்சத்தில், அக்காலத்து மரத்தையும் பிக்கப்பையும் இந்த விலையில் வேறெப்படியும் பெற முடியாது.

கடைசியாக, எடுத்துச் செல்வதைப் பற்றி. கழுத்தின் கீழே தாங்கலும் தலைப்பகுதியின் பின்னால் மென்மையான துணிச்சுருளும் வைத்து, பெட்டியை அசைத்தால் எதுவும் ஆடாதபடி அடைத்து, தந்திகளைச் சற்றுத் தளர்த்தி அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் சிறிது நேரம்கூட வைக்க வேண்டாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பழைய வச்சிரம் இளகிக் கழுத்து நகரும். விற்பவர் வேறு நாட்டில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. அக்காலத்து எஸ்.ஜி.யின் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் நாட்டு ஈட்டி மரம். 1992 இல் அம்மரம் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் விற்பனைக்காக எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். அந்தச் சீட்டை யார் பெறுவது, அதற்கு யார் செலவழிப்பது என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். பின்புற மூடியைத் திறந்து காட்டவோ, ஒட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பவோ அவர் மறுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். அனுப்பினால் அந்தப் படங்களை இங்கே இணையுங்கள். விரிசல் எந்தச் சரிவில் ஓடியிருக்கிறது என்று பார்த்து, மரக்கீற்று பதிக்க வேண்டியிருக்குமா என்று சொல்கிறேன்.